ஏடு கூட்டிய மக்கள்

முடிச்சூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனாரை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். சொந்த ஊர் அகஸ்தீஸ்வரம் பக்கம். பல வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்கியவர். வீட்டில் ஒரு மூலையில் கண்ணாடி, அதன் முன்னே குத்துவிளக்கு. விடியுமுன் குளித்து, நெற்றியில் திருநாமம் இட்டு, தலைப்பாகை கட்டி, உகப்படிப்பு படித்த பிறகே கடையின் ஷட்டரைத் தூக்குவார். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன் ஒருநாள் இப்படிக் கேட்கிறான்:

“அப்பா, நெத்தியில என்னடா கோடு போட்டிருக்கன்னு கிளாஸ்ல கேக்குறாங்க. நாம யாருப்பா?”

அவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சாதிப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது; விழுங்கிக் கொண்டார். ஊர்ப் பெயரைச் சொல்லலாம் என்றால், மகன் பிறந்தது தாம்பரம் ஆஸ்பத்திரியில். அவனுக்கு அகஸ்தீஸ்வரம் பள்ளி விடுமுறைக்குப் போய்வரும் இடம் மட்டுமே. “அய்யாவழி மக்கள்” என்று சொன்னார். “அப்படின்னா?” என்று மகன் மறுபடியும் கேட்டான்.

அந்த “அப்படின்னா?” என்ற கேள்வி தென்னாட்டை விட்டு வந்து குடியேறிய ஒவ்வொரு அன்புக்கொடி வீட்டு வாசலிலும் நிற்கிறது. அதற்குப் பதில் ஏட்டில் இருக்கிறது. ஏட்டின் உள்ளே எழுதியிருப்பது மட்டும் அல்ல, அந்த ஏடு பிறந்த விதமும் வாசிக்கப்படுகிற விதமுமே பதில்தான்.

பனைக்கு வரி, பனையோலையில் வேதம்

கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம் 20-ஆம் நாள், அதாவது 1833-இல், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதரித்து எழுந்தருளினார். அங்கிருந்து நடந்து, இன்று சாமிதோப்பு என்று வழங்கும் பூவண்டன் தோப்பில் வந்து தவமிருந்தார். அந்நாளில் திருவிதாங்கூர்ச் சீமையில் ஏழை எளிய மக்கள் பட்ட பாட்டை ஏடும் சொல்கிறது, வரலாறும் சொல்கிறது. தலைக்கு வரி. பனைக்கு வரி. கூலியில்லா ஊழியம். ஆண் தலையில் துண்டு கட்டக் கூடாது. பெண் மாராப்புப் போடக் கூடாது. காலில் செருப்பு இல்லை, கையில் குடை இல்லை, இடுப்பில் தண்ணீர்க்குடம் வைக்கவும் தடை. பெயரில்கூடச் சுதந்திரம் இல்லை. பெற்றோர் ஆசையாக இட்ட முடிசூடும் பெருமாள் என்ற திருநாமத்தை மேல்சாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற நேர்ந்ததை அன்புக்கொடி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கீழே கிடப்பவன் பெயரிலும் முடி இருக்கக் கூடாதாம்!

அந்நாட்டை அப்போது ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. 1829 முதல் 1846 வரை அவர் ஆட்சி. இசை உலகம் இன்றும் கொண்டாடும் கீர்த்தனங்களை இயற்றியவர். தஞ்சை நால்வர் போன்ற பெரும் கலைஞர்களை அழைத்துச் சபையில் வைத்துப் போற்றியவர். அவர் இசையில் குறை காண்பது இங்கே நோக்கமல்ல. ஆனால் அந்தச் சங்கீதம் முழங்கிய சபைக்குள் பனையேறிக்கு இடம் இருந்ததா? இல்லை. அதே மன்னரின் ஆட்சியில்தான் அய்யா கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் வைக்கப்பட்டார்.

அரண்மனைக் கலை ஒருபுறம் இப்படி வளர்ந்துகொண்டிருக்க, மறுபுறம் தென்கோடிக் கிராமத்தில் ஒரு சீடர் எழுத்தாணியை எடுத்தார். அவர் சகாதேவன் சீடர் என்று அழைக்கப்பட்ட அரிகோபாலன் சீடர். கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகை 27-ஆம் நாள் ஏடு எழுதத் தொடங்கினார். தூங்கிக் கிடந்த தம்மை இறைவனே தட்டி எழுப்பி எழுத வைத்ததாக அவரே ஏட்டில் சொல்கிறார். ‘நான் இயற்றினேன்’ என்று அவர் பெருமை பேசவில்லை. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட அகிலத்திரட்டு அம்மானை இப்படித்தான் பிறந்தது.

இதில் நெஞ்சை அசைக்கிற ஒரு செய்தி இருக்கிறது. எந்தப் பனையில் ஏறியதற்காக அந்த மக்களிடம் வரி பிடுங்கினார்களோ, அந்தப் பனைதான் ஏடு எழுத ஓலை தந்தது. உடம்பை வளர்த்த மரமே வேதத்தையும் சுமந்தது. கலியன் வரிக்கணக்கு எழுதிய ஓலையும் பனையோலை. அய்யா தர்மக்கணக்கு எழுதுவித்த ஓலையும் பனையோலை. வரிக்கணக்கு ஓலை செல்லரித்துப் போயிற்று. தர்மக்கணக்கு ஓலையை இன்றும் வாசிக்கிறார்கள்.

அம்மானை ஏன்?

அய்யா தம் ஆகமத்தை எழுதுவிக்க எத்தனையோ யாப்பு வகைகள் இருந்தன. வடமொழியில் சுலோகமாக எழுதுவித்திருக்கலாம். பண்டிதர்கள் மட்டும் பிரித்தறியும் கடினத் தமிழிலும் எழுதுவித்திருக்கலாம். அவர் தேர்ந்தது அம்மானை.

அம்மானை என்பது பெண்கள் கையில் காய்களை வீசிப் பிடித்து விளையாடும்போது பாடும் பாட்டு. ஒருத்தி பாட, மற்றவள் கேட்க, மூன்றாமவள் முடிப்பாள். பிறகு நீண்ட கதைகளைச் சொல்லும் நாட்டுப் பாடலாக வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் காதால் கேட்டே மனப்பாடம் செய்யக்கூடிய வடிவம் அது. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட மக்களுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு எது? எழுத்தைப் பூட்டி வைக்கலாம். காதைப் பூட்ட முடியுமா?

ஏட்டின் அமைப்பும் அப்படியே. நாராயணர் இலட்சுமி தேவிக்குக் கதை சொல்வதாக அது நடக்கிறது. அம்மை கேட்கிறாள், அய்யன் விடை சொல்கிறார். கேள்வி கேட்பது குற்றமல்ல என்பதை ஏடே கற்பிக்கிறது. ஆகவே “அப்படின்னா?” என்று கேட்ட முடிச்சூர்ப் பிள்ளை தவறாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. அம்மை கேட்ட முறையில்தான் கேட்டிருக்கிறான்.

விருத்தமும் நடையுமாக மாறி மாறி வரும் அந்த ஏட்டில் தென்குமரி மக்களின் பேச்சுச் சொற்கள் நிறைந்திருக்கின்றன. வயலில் பேசிய சொல், உப்பளத்தில் பேசிய சொல், அடுக்களையில் பேசிய சொல் எல்லாம் இறைவன் திருவாயில் வருகின்றன. அந்நாளில் அவர்கள் பேச்சைக் கேட்டு மேலோர் நகைத்தார்கள். அந்தப் பேச்சிலேயே பரம்பொருள் பேசினார் என்றால், அதன் பிறகு எவன் நகைத்தால் என்ன? 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குள் இருந்தபடியே, இந்த ஏடு அந்த மக்களின் தமிழை வேதமாக்கி வைத்துவிட்டது.

தனியே படிக்கும் நூல் அல்ல

அகிலத்திரட்டு அச்சேறியது 1939-இல். அதுவரை ஏறக்குறைய நூறு ஆண்டுகள், ஓலையைப் பார்த்து ஓலையில் எழுதியும், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டுமே அது வாழ்ந்தது. இன்று கையடக்கப் புத்தகமாகவும் கைப்பேசியிலும் கிடைக்கிறது. ஆனாலும் திருஏடு வாசிப்பு நின்றுவிடவில்லை. ஏன்?

கார்த்திகை மாதம் சாமிதோப்புத் தலைமைப் பதியில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. பதினைந்தாம் நாள் திருக்கல்யாணம், பதினேழாம் நாள் பட்டாபிஷேகம். நிழல் தாங்கல்களில் வசதிக்கு ஏற்ப நாள் குறையலாம், முறை ஒன்றே. ஒருவர் இராகத்தோடு வாசிக்கிறார். மற்றொருவர் பொருள் சொல்கிறார். மக்கள் தரையில் அமர்ந்து கேட்கிறார்கள். திருக்கல்யாண நாள் வந்துவிட்டால் அங்கே இருப்பது வாசிப்பவரும் கேட்பவரும் அல்ல. அது கல்யாண வீடு. பெண்கள் குலவை இடுகிறார்கள். பூ, பழம், வெற்றிலை பாக்கு என்று சுருள் கொண்டு வருகிறார்கள். ஏட்டில் நடக்கும் கல்யாணத்துக்கு இவர்களே உறவின்முறை! பட்டாபிஷேகம் முடிந்து அன்னதர்மம் நடக்கும்போது, வாசித்தவரும் கேட்டவரும் ஒரே பந்தியில் இருக்கிறார்கள்.

கதை கேட்க வந்தவர்கள் கதைக்குள் போய்விடுகிறார்கள். கேட்டு முடிந்து எழுந்திருக்கும்போது அவர்கள் ஒரே குடும்பம். இதுதான் ஏடு செய்கிற வேலை. முதலில் ஒரு சமுதாயம் இருந்து, அது தனக்கென ஒரு நூலைச் செய்துகொண்டது என்று உலகத்தார் நினைக்கலாம். இங்கே நடந்தது வேறு. சிதறிக் கிடந்தவர்களை, ‘நீ ஒன்றுமில்லாதவன்’ என்று சொல்லிச் சொல்லி வளைக்கப்பட்டவர்களை, ஏடு கூப்பிட்டுக் கூட்டியது. ‘உனக்கு யுகயுகமான கதை இருக்கிறது, குறோணி துண்டுபட்ட நாள் முதல் தர்மயுகம் பிறக்கும் நாள் வரை உன்னைத் தேடியே இறைவன் வருகிறார்’ என்று சொன்னது. தன் கதையைக் கேட்டவன் நிமிர்ந்தான். நிமிர்ந்த தலையில் அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். அவன் முகத்தை அவனே காணும்படி கண்ணாடியை வைத்தார். ஏடு காதுக்கு, கண்ணாடி கண்ணுக்கு. இரண்டும் சொல்வது ஒன்றே: நீ தேடுகிற பரம்பொருள் உன்னை விட்டு வேறெங்கும் இல்லை.

உலகில் வேறிடத்திலும் இதற்குச் சான்று உண்டு. சீக்கியர்களின் ஆதி கிரந்தம் 1604-இல் அமிர்தசரஸில் வைக்கப்பட்டது. 1708-இல் குரு கோவிந்த் சிங், இனி மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று நிலைநாட்டினார். பஞ்சாபை விட்டு எங்கே குடியேறினாலும் அவர்கள் நூலைக் கூடிப் பாடுகிறார்கள், தலைப்பாகை கட்டுகிறார்கள், பந்தியில் எல்லோரையும் சமமாக அமர்த்திச் சோறு போடுகிறார்கள். நூலும் தலைப்பாகையும் அன்னமும் கூடவே போவதால், எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் கரைந்து போகவில்லை. அன்புக்கொடி மக்களுக்கும் அய்யா இந்த மூன்றையும் தந்திருக்கிறார்.

எந்த அடையாளம்?

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். அடையாளம் என்ற சொல்லுக்குள் கலியன் எளிதாகப் புகுந்துகொள்வான்.

ஏடு சான்றோர் என்று பேசுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, ‘இது எங்கள் சாதி நூல், பிறருக்கு இங்கே என்ன வேலை?’ என்று பேசுவோரும் உண்டு. அப்படிப் பேசுகிறவர் ஏட்டைக் கையில் வைத்திருக்கிறாரே தவிர, காதில் வாங்கவில்லை. சாமிதோப்பில் அய்யா முத்திரிக் கிணறு கண்டார். ஒரே கிணற்றில் பதினெட்டுச் சாதி மக்களும் குளித்தார்கள், குடித்தார்கள். தொட்டால் தீட்டு என்ற காலத்தில் அது நடந்தது. துவையல் பந்தி நடத்திச் சேர்ந்து வாழவும் சேர்ந்து உண்ணவும் பழக்கினார். நொந்தவனை நிமிர்த்துவதே தர்மம் என்பது அவர் போதனை. நேற்று நொந்து கிடந்தவன் நிமிர்ந்த பிறகு இன்னொருவனை மிதித்தால், அவன் தலையில் இருப்பது தலைப்பாகை அல்ல; பழைய நீசன் வைத்திருந்த கிரீடம்.

முடிச்சூர் மக்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்து முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் பாய்ந்தபோது, தெருவில் படகு ஓடியது. மாடியில் நின்றவர் கையில் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தவன் சாதி கேட்கவில்லை. வாங்கியவனும் கேட்கவில்லை. அந்த நாட்களில் முத்திரிக் கிணற்றின் பொருள் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. வெள்ளம் வடிந்ததும் அந்தப் பொருளையும் வடிய விட்டுவிடக் கூடாது.

அந்த வெள்ளம் இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. பத்திரம், சான்றிதழ், புத்தகம் என்று தரைத்தளத்தில் இருந்த காகிதமெல்லாம் சேறாகிவிடும். ஆனால் ஒரு பாட்டியின் நெஞ்சில் மனப்பாடமாக இருக்கும் உச்சிப்படிப்பு நனையாது. நூல் பெட்டியில் இருந்தால் அது சொத்து மட்டும்தான். அது நாக்கில் இருந்தால்தான் உயிர்.

என்ன செய்ய வேண்டும்?

இன்று ஏட்டுக்கு எதிரி அரசனும் அல்ல, வரியும் அல்ல. தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்ல எவரும் இல்லை. இன்றைய கலி மெல்ல வருகிறது. பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. தகப்பனுக்கு நேரம் இல்லை. ‘ஊர்ல போய்க் கேட்டுக்கலாம்’ என்று தாய் தள்ளி வைக்கிறாள். மாசி 20-க்கு நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் போய்வருவதும், மணலி புதுநகர்ப் பதியின் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவதும் நல்லதே. ஆனால் வருடத்தில் ஓரிரு நாள் கூட்டத்தில் நின்றுவிட்டு மற்ற நாளெல்லாம் ஏட்டைத் திறக்காமல் இருந்தால், பிள்ளைக்கு மிஞ்சுவது நெற்றிக்கோடு மட்டுமே. அதன் பொருளை அவன் யாரிடம் கேட்பான்? பொருள் தெரியாத அடையாளத்தைக் கலியன் எளிதில் களவாடி, அதன் மேல் சாதிப் பெயரை எழுதிவிடுவான்.

ஆகவே, முடிச்சூரிலும் தாம்பரத்திலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் அன்புக்கொடி மக்கள் செய்யக்கூடியது இது.

மாலையில் விளக்கேற்றியதும் ஏட்டில் ஒரு பக்கம் வாசியுங்கள். கண்ணால் அல்ல, வாய்விட்டு. பிள்ளை தடுமாறினால் திட்ட வேண்டாம். ஒரு அடியை நீங்கள் சொல்ல, அடுத்த அடியை அவன் சொல்லட்டும். அம்மானை என்பதே அப்படிக் கைமாறுகிற பாட்டுத்தான். மகனுக்கு மட்டும் என்று வைக்காமல் மகளும் வாசிக்கட்டும். கேள்வி கேட்டு இந்த ஏட்டை நடத்தியவளே ஒரு அம்மைதானே! புரியாத தென்னாட்டுச் சொல் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். ஊரில் இருக்கும் பெரியவரைக் கைப்பேசியில் அழைத்துப் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லின் பொருளோடு ஒரு தாத்தாவின் குரலும் அவனுக்குக் கிடைக்கும்.

நிழல் தாங்கலில் ஏடு வாசிப்பு நடக்கும் நாட்களில் பக்கத்து வீட்டாரை அழையுங்கள். அவர் விழுப்புரத்துக்காரராக இருக்கலாம், ஆந்திரத்துக்காரராக இருக்கலாம், எந்தச் சாதியாகவும் இருக்கலாம். பொருள் சொல்பவர் அவருக்கும் புரியும்படி சொல்லட்டும். இனிமம் அவர் கைக்கும் போகட்டும். ஏடு கேட்டவர் எல்லோரும் ஏட்டின் மக்கள்.

அந்த மளிகைக்கடைத் தகப்பனாரிடம் திரும்புவோம். மகன் கேட்டதற்கு அன்று அவர் நீண்ட விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. கடையைச் சற்று முன்னதாகப் பூட்டிவிட்டு வந்து, கால் கழுவி, விளக்கேற்றி, ஏட்டை எடுத்துப் பிரித்தார்.

“இங்க வந்து இரி மக்கா. நாம யாருன்னு இதுல எழுதியிருக்கு. நீ வாசி, நான் பொருள் சொல்லுதேன்.”

பையன் எழுத்துக் கூட்டி ஒரு அடியை வாசித்தான். தப்பாகத்தான் வாசித்தான். அவர் திருத்தினார். மறுபடி வாசித்தான். அடுப்படியில் நின்ற தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவர் வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, ஒருவர் கேட்க அந்தச் சின்ன வீட்டில் திருஏடு வாசிப்பு தொடங்கிவிட்டது.

முடிசூடும் பெருமாள் என்று பெயரிடவே தடை சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று அன்புக்கொடி மக்கள் குடியிருக்கும் ஊரின் பெயரே ‘முடி’ என்று தொடங்குகிறது. அது தற்செயல் ஒலிதான். ஆனாலும் அந்தப் பெயரைப் பேருந்துப் பலகையில் வாசிக்கும்போதெல்லாம், தலைப்பாகை கட்டிய முன்னோரை ஒருமுறை நினைத்துக் கொள்ளட்டும். அவர்களிடம் நிலமில்லை, பதவியில்லை, பள்ளிக்கூடமில்லை. ஏடு இருந்தது. அதைக் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டதனால்தான் நிமிர்ந்தார்கள்.

ஏடு திறந்திருக்கும் வீட்டில் கலி தங்காது. தர்மயுகம் அந்த வீட்டு விளக்கடியிலேயே தொடங்கும்.

அய்யா உண்டு.